யார் மாதிரி இருந்துச்சு?

வைப்பாறு — 12 ஆகஸ்ட் 2023, இரவு 9.10

என் தங்கச்சிக்கு முப்பத்தஞ்சு வாரம். செவ்வாய்க்கிழமை அசைவு தெரியலன்னு போனா, ஸ்கேன்ல துடிப்பு இல்லன்னுட்டாங்க. மறுநாள் வலி வரவச்சுப் பிரசவம். பொம்பளப் பிள்ளை. அவளுக்குக் காட்டல. அவ அரை மயக்கத்துல கிடந்தா, அப்பாவும் மச்சானும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போய் அடக்கம் பண்ணிட்டாங்க. நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். அழல. ஆனா வர்றவங்க எல்லார்ட்டயும் ஒரே கேள்வி, "யார் மாதிரி இருந்துச்சு?" அம்மா "அதெல்லாம் எதுக்கு, மறந்துரு"ங்கிறாங்க. மச்சான் எந்திரிச்சு வெளிய போயிருறாரு. சொன்னா மனசுல பதிஞ்சுரும், சொல்லவே கூடாதுங்கிறாங்க பெரியவங்க. நான் பார்த்தேன். சொல்லலாமா, கூடாதா?

தீப்பெட்டி — 12 ஆகஸ்ட், இரவு 10.35

சொல்லுங்கக்கா. தங்கச்சி முழிச்சிருந்தா இப்பவே சொல்லுங்க.

எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தொட்டிலை எட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது "யார் சாடை?" என்றுதானே. அதைத்தான் அவரும் கேட்கிறார். பெற்றவளே அடுத்தவர்களிடம் கேட்கிற மாதிரி ஆக்கிவைத்தது நாம்.

எங்களுக்கு 2014 ஆடி. முப்பத்து மூணு வாரம். பிரஷர் ஏறி நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது. ஆண் பிள்ளை, தலைச்சன். நான் பார்த்தது கூடிப்போனால் ரெண்டு நிமிஷம். லேபர் வார்டுக்கு வெளியே கை கழுவுகிற தொட்டி இருந்தது. அது பக்கத்தில் நின்று ஆயாம்மா துணியின் நுனியை விலக்கினார். தலை நிறைய முடி. காது மடலில்கூடப் பூனை மயிர். பத்து விரலிலும் நகம், சுண்டு விரலில்கூட முழுசாக. உதடு மட்டும் நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. "அம்மாட்ட காட்டவா தம்பி?" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன். உள்ளே படுத்திருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கணும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாரத்தை நான் சுமக்கிறேன் என்று பெரிய நினைப்பு வேறு.

பிறகு அஞ்சு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று கணக்குப் போட்டேன். 2019-ல் ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். பாப்பா தூங்கியாச்சு. "நகம் இருந்துச்சா?" என்றாள். யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடி, காது, நகம், கன்னத்தில் குழி எல்லாம் சொன்னேன். ரெண்டு மணிவரைக்கும் அழுதாள். அதற்கப்புறம் தூங்கினாள் பாருங்கள், விடிந்து பால்காரர் வந்து மணி அடிச்சும் எழுந்திருக்கவில்லை.

அஞ்சு வருஷம் கழித்து அழ வேண்டியதை அஞ்சு நாளிலேயே அழட்டும்.

தீப்பெட்டி — 12 ஆகஸ்ட், இரவு 11.20

எப்படிச் சொல்வது என்று கீழே கேட்டிருக்கிறீர்கள். வயிற்றிலேயே ஒரு நாளுக்கு மேல் இருந்தால் தோல் அங்கங்கே உரிந்திருக்கும். அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். முடி, மூக்கு, விரல், யார் சாடை. பிறகு அவர் கேட்கிறதற்கு மட்டும் பதில். உரிந்திருந்ததா என்று அவரே கேட்டால் பொய் சொல்லாதீர்கள். உங்க மச்சானையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். வெளியே எழுந்து போகிறவரிடம்தான் சொல்வதற்கு நிறைய இருக்கும், எனக்குத் தெரியும்.

தீப்பெட்டி — 13 ஆகஸ்ட், காலை 6.50

ராத்திரி இதை எழுத மறந்துவிட்டேன், அவசரம். புதன்கிழமை பிரசவம் என்றால் இன்றைக்கோ நாளைக்கோ பால் கட்டும். பிள்ளை இல்லை என்பது மாருக்குத் தெரியாது. எங்களிடம் ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் இதைச் சொல்லி அனுப்பவில்லை. தையல், மாத்திரை, மறுபடி வரவேண்டிய தேதி எல்லாம் சொன்னார்கள், இது மட்டும் இல்லை. மூணாம் நாள் விடியக்காலம் ஜாக்கெட்டெல்லாம் நனைந்து, மார் கல்லு மாதிரி ஆகி, கை தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எங்க அம்மாவே முதல்முறையாக அழுதது.

அத்தை (அவளுடைய அம்மா) என்னைப் பூக்கடைக்கு விரட்டினார்கள். குண்டுமல்லி, கால் கிலோ, மொட்டாக. நெருக்கமாகச் சரம் கட்டி, மாரோடு வைத்துத் துணியால் கட்டிவிடுவது. வாடினால் புதுசு. நாலு நாள், தினமும் காலையில் நான்தான் வாங்கப் போனேன். ரெண்டாம் நாள் பூக்காரம்மா கேட்டார்கள், "என்ன தம்பி, வீட்டுல விசேஷமா?"

"ஆமாக்கா" என்றேன். கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டார்கள்.

அன்றிலிருந்து எங்க வீட்டில் மல்லி கிடையாது. கல்யாண வீட்டில் தட்டை நீட்டினாலும் பிச்சி இருந்தால் எடுப்பாள், இல்லையென்றால் சந்தனத்தோடு சரி.

தீப்பெட்டி — 13 ஆகஸ்ட், மதியம் 1.15

"மூடநம்பிக்கை" என்று ஒருத்தர் வந்திருக்கிறார். ஐயா, மல்லிகையையும் பால் வற்றவைக்கிற புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டு 1988-ல் மருத்துவ இதழிலேயே ஆய்வு வந்திருக்கிறது. பால் சுரக்கவைக்கிற புரோலாக்டின் ஹார்மோனை ரத்தத்தில் இறக்குவதில் மாத்திரைதான் மேல். ஆனால் மார்க்கட்டு, பால் வற்றுவது, வலி மாத்திரை தேவைப்படுவது இதிலெல்லாம் ரெண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. எங்க அத்தை அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அதற்குக் கேபர்கோலின் மாத்திரை கொடுக்கிறார்கள். அக்கா, உங்க தங்கச்சிக்குப் பிரஷர் இருந்ததா என்று முதலில் பாருங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரை ஆகாது, எங்களுக்கு டாக்டர் தராததற்கு அதுதான் காரணம். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ரொம்பக் கட்டினால் வலி தணிகிற அளவுக்கு மட்டும் லேசாகப் பீச்சி விடலாம், முழுசாக எடுத்தால் இன்னும் ஊறும். காய்ச்சல் வந்தாலோ மார் ஒரு பக்கம் சிவந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று: அவருக்கு நெகட்டிவ் ரத்த குரூப் என்றால் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. பிள்ளை தங்கவில்லை என்பதற்காக அந்த ஊசி வேண்டாம் என்று ஆகாது. அடுத்த பிள்ளைக்கு அதுதான் காவல். போட்டிருக்காவிட்டால் நேரம் தாண்டிவிட்டதே என்று விடாமல் இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவன்.

தீப்பெட்டி — 14 ஆகஸ்ட், இரவு 9.40

திருத்தம். முதல் பதிவில் "துணி" என்று போட்டிருந்தேன். ராத்திரி வீட்டுக்காரி என் போனை வாங்கி எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டு, "என்ன துணி?" என்றாள்.

"ஏதோ ஒரு துணி, ஆஸ்பத்திரித் துண்டு, வெள்ளை."

"மஞ்சள். எங்க அம்மா நூல் சேலை. கிழிச்சுத் துவைச்சு, பிள்ளைக்கு விரிக்கன்னு பையில வச்சிருந்தேன். அதத்தான் ஆயாம்மாட்ட எடுத்துக் குடுத்தேன், இதுல சுத்துங்கன்னு."

இத்தனை வருஷம் அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லாமல் பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் படுத்த படுக்கையிலிருந்தே செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறாள், என் கண்ணில்தான் படவில்லை. மஞ்சள் என்று இப்போது சொன்ன பிறகு எனக்கும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. ஆனால் அது ஞாபகமா, அவள் சொன்னதாலா, தெரியவில்லை.

தீப்பெட்டி — 16 ஆகஸ்ட், இரவு 8.05

லீவு பற்றிக் கேட்டவருக்கு: மகப்பேறு லீவுச் சட்டப்படி, கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. டாக்டர் சீட்டு வேண்டும். நாம் போய்க் கேட்டால்தான் தருவார்கள்.

வீட்டுக்காரி அப்போது ஜவுளிக்கடையில் பில்லிங். போன் பண்ணிக் கேட்டால், "பிள்ளைதான் இல்லையேம்மா, பிறகென்ன பிரசவ லீவு?" என்றார்கள். இருபத்து நாலாம் நாள் வேலைக்குப் போனாள். ஜப்லா, லங்கோடு, குல்லா என்று வருகிறதுக்கெல்லாம் பில் போட்டாள். எங்களுக்கும் அப்போது எதிர்த்துப் பேசத் தெரியாது.

தீப்பெட்டி — 17 ஆகஸ்ட், காலை 7.30

நேற்று அரைகுறையாக எழுதிவிட்டேன், சட்டம் படிக்கிற ஒரு தம்பி கீழே சரியாகக் குட்டியிருக்கிறார். அந்த 6 வாரம், 26 வாரக் கர்ப்பம் வரைக்கும் கலைந்தால். அதற்கு மேல் என்றால் அது கருச்சிதைவு இல்லை, பிரசவம். அந்தச் சட்டத்தில் "குழந்தை" என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கும் இடத்திலேயே, இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று இருக்கிறது. அப்படியானால் முழு மகப்பேறு லீவு. 2017-க்கு முன்னால் 12 வாரம், இப்போது 26 வாரம் (உயிரோடு ரெண்டு பிள்ளை இருந்தால் 12). பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைக்கும் பொருந்தும். முந்தைய ஒரு வருஷத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும்.

மத்திய அரசு ஊழியர் என்றால், 2022 செப்டம்பர் 2-ந் தேதி உத்தரவுப்படி, இறந்து பிறந்தாலோ பிறந்த 28 நாளுக்குள் தவறினாலோ 60 நாள் சிறப்பு லீவு.

பிறப்பு, இறப்புப் பதிவும் அப்படித்தான். 28 வாரம் தாண்டி இறந்து பிறந்தால் அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது, 3-ம் எண். ஒரு மூச்சாவது விட்டுவிட்டுப் போயிருந்தால் பிறப்பையும் பதிய வேண்டும், இறப்பையும் பதிய வேண்டும். 21 நாள் கெடு. ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே அனுப்புவார்கள், அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வரவேண்டியது பன்னிரண்டு வாரம். ஒன்பது வருஷம் கழித்து, பல் தேய்க்கிற நேரத்தில் போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

தீப்பெட்டி — 20 ஆகஸ்ட், இரவு 11.50

அடக்கம் பற்றி எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எங்க பக்கம் சின்னப் பிள்ளையை எரிக்க மாட்டார்கள், புதைப்பதுதான். கருமாதி, பதினாறு எதுவும் கிடையாது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி விடுவதும் இல்லை. பைக்கில் பெரியப்பா பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார், நான் ஓட்டினேன். ஒன்றே முக்கால் கிலோ. ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் "பையப் போடா, பையப் போடா" என்றார். அந்தப் "பைய" இன்னும் காதில் இருக்கிறது.

ஓடைக்கரைப் பக்கம் எங்க கரிசல் நிலம். குழி வெட்டி, பால் ஊற்றி, மூடியாச்சு. என் கண்ணில் தண்ணீர் வந்ததும் பெரியப்பா ஒரு அதட்டல். "ஏல, இதெல்லாம் பிள்ளைக் கணக்குலயே சேராது. ஆம்பிள அழக் கூடாது. வீட்டுக்குப் போயி அவளப் பாரு."

அதே பெரியப்பா அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. கருவேல முள்ளை வெட்டிக் குழிமேட்டைச் சுற்றிப் போட்டுவிட்டு, கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டுப் படுத்துவிட்டார். மூணு ராத்திரி. ஏன் என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைச்சன் பிள்ளையைப் புதைத்தால் மந்திரவாதி தோண்டி மண்டையோட்டை எடுத்து மை கூட்டுவான் என்று பயம். வந்தது ஒரு நாய். அதையும் விரட்டிக்கொண்டு ஓடைவரைக்கும் ஓடி, முட்டியில் அடி. கேட்டால் மந்திரவாதியை விரட்டினேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ரெண்டாம் நாள் விடியக்காலம் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோனேன். ஆடிக் காற்று பேயாக அடிக்கிறது. குழிமேட்டு மண் ஈரமாக இருந்தது. பார்த்தால் வாளி. கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து, மண் பறந்துவிடாமல் தெளித்துத் தெளித்து வைத்திருக்கிறார். எத்தனை நடை என்று கேட்கவில்லை.

பிள்ளைக் கணக்கில் சேராதென்றால் எதற்கு மூணு ராத்திரி காவல்? தலைச்சன் என்று பயப்படும்போதே அவன் தலைச்சன் ஆகிவிட்டானே. எங்க ஆட்கள் வாயால் ஒன்று சொல்கிறார்கள், கையால் வேறொன்று செய்கிறார்கள். நான் வாயை மட்டும் கேட்டுவிட்டு ரொம்ப நாள் அவர்கள்மேல் கோபமாக இருந்தேன்.

தீப்பெட்டி — 21 ஆகஸ்ட், காலை 6.15

மேலே எழுதியதைக் காலையில் படித்தால் பெரியப்பா மகான் மாதிரி இருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை. அடுத்த தை மாசமே "இன்னும் ஒண்ணும் இல்லையா" என்று வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே கேட்டவரும் அவர்தான்.

தீப்பெட்டி — 27 ஆகஸ்ட், மாலை 5.30

"இறந்து பிறந்த பிள்ளைக்கு அழ நம்ம பண்பாட்டில் இடமே இல்லை, வெள்ளைக்காரன்தான் கற்றுத் தந்தான்" என்று ஒருத்தர். அவசரப்படாதீர்கள்.

புறநானூறு 74. சோழனிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. எங்கள் குடியில் குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகவே பிறந்தாலும், "ஆள் அன்று" என்று தள்ளாமல் வாளால் கீறித்தான் அடக்கம் செய்வார்கள் என்கிறான். "ஆள் அன்று" என்பது நம் வீட்டில் சொல்கிற "கணக்குல சேராது"தானே. சேரும் என்று ஒரு ராஜா பாடிவைத்திருக்கிறான்.

அப்புறம் சுமைதாங்கிக் கல். பழைய ரோட்டோரம் ரெண்டு கல்லை நட்டுக் குறுக்கே ஒரு கல் கிடக்கும், தலைச்சுமைக்காரர்கள் இறக்கிவைக்க. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக அவள் வீட்டார் போட்டுவைப்பது. இறக்கிவைக்க முடியாமலே சுமையோடு போய்விட்டாள் என்று. எங்க ஊர் விலக்கில் ஒன்று இருந்தது, ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. அதில் உட்கார்ந்து எத்தனை நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன், ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

தீப்பெட்டி — 28 ஆகஸ்ட், இரவு 10.10

சரி, ஒத்துக்கொள்கிறேன். புறநானூற்றுப் பாட்டு வீரத்துக்குப் பாடியது, துக்கத்துக்கு இல்லை. தண்ணீருக்குக் கையேந்த நேர்ந்த மானக்கேட்டில் பாடுகிறான். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அந்தப் பாட்டில் எங்கேயும் இல்லை. வாளோடு ஒருத்தன் வந்து நின்றபோது அவள் என்ன நினைத்தாள் என்று யாரும் பாடவில்லை. இதைச் சொன்ன மேடத்துக்கு நன்றி. நேற்று எழுதும்போது கொஞ்சம் பெருமை தலைக்கேறிவிட்டது.

சுமைதாங்கியை விட்டுத்தர மாட்டேன்.

தீப்பெட்டி — 9 செப்டம்பர், இரவு 9.25

பெற்றவளுக்குப் பிள்ளையைக் காட்டலாமா கூடாதா என்ற சண்டை நூறு பதிவைத் தாண்டிவிட்டது. நான் "காட்டியே ஆகணும்" கட்சி என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை.

2002-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. இறந்து பிறந்த பிள்ளையைக் கையில் வாங்கிய தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தில் மனச்சோர்வு கூடுதல் என்றது. ஆய்வில் இருந்தது 65 பேர்தான். அதை வைத்து 2007-ல் அந்த நாட்டில் மருத்துவ நெறிமுறை வகுக்கிற நைஸ் அமைப்பு, பிள்ளையைப் பார், தூக்கு என்று தாயை வழக்கமாக ஊக்கப்படுத்தாதீர்கள் என்று நெறிமுறை போட்டது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கென்று 1978-லிருந்து அங்கே இருக்கிற சான்ட்ஸ் அமைப்பும் மற்றவர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்க விரும்பியவளுக்கும் மறைக்க இதே வரி சாக்காகிவிடும் என்றார்கள். 2014 திருத்தத்தில், பார்ப்பது, தூக்குவது, போட்டோ, ஞாபகப் பொருள் எல்லாவற்றையும் பெற்றவளிடமும் துணையிடமும் பேசி முடிவெடுங்கள் என்று மாற்றிவிட்டார்கள்.

அத்தனை பெரிய நாடு பன்னிரண்டு வருஷம் சுற்றி வந்து நின்ற இடம், "அவளைக் கேளு." ஆயாம்மா என்னிடம் கேட்ட கேள்வி சரிதான், கேட்ட ஆள்தான் தப்பு. முதலில் வேண்டாம் என்பாள், ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும். முகம் வேண்டாம், பாதம் மட்டும் என்பாள். அதுவும் சரி. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஒரு படம் எடுத்து யாராவது ஒருத்தர் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், கேட்கிற அன்றைக்குக் கொடுக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். போட்ட குடும்பமும் உண்டு.

தீப்பெட்டி — 10 செப்டம்பர், காலை 8.00

"இதெல்லாம் லட்சத்தில் ஒருத்தருக்கு நடப்பது, எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று கேட்டவருக்கு. 2020-ல் யுனிசெப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கில் உலகத்தில் 16 விநாடிக்கு ஒரு பிள்ளை இறந்து பிறக்கிறது. நீங்கள் அந்தக் கேள்வியை டைப் அடித்து முடிப்பதற்குள் ஒன்று.

தீப்பெட்டி — 24 செப்டம்பர், இரவு 10.45

போன் விஷயம். கர்ப்பம் பார்க்கிற ஆப் ஏதாவது உங்க தங்கச்சி போனில் இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரி போனில் இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஏழு வாரம் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. "இந்த வாரம் உங்கள் குழந்தை அன்னாசிப்பழம் அளவு." அப்புறம் பூசணி. நாற்பதாம் வாரம் வாழ்த்து. டயப்பர் விளம்பரம் அதற்கப்புறமும் ஒரு வருஷம். கர்ப்பப் பதிவு எண் வாங்கியிருப்பீர்களே, கிராம சுகாதார நர்ஸிடம் நீங்களே போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பாவம் தெரியாமல் போன் பண்ணி "எந்த ஆஸ்பத்திரி, என்ன பிள்ளை" என்று கேட்பார்கள், எடுப்பது பெற்றவளாக இருக்கும்.

பிள்ளையை இழந்தவர்களுக்கான இங்கிலீஷ் குரூப் ஒன்றில் நானும் வருஷக்கணக்கில் இருந்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் அந்தச் சொற்கள் என் நாக்கில் ஒட்டவில்லை. போன பிள்ளை ஏஞ்சல், பிறகு வந்த பிள்ளை ரெயின்போ. எங்க பாப்பாவை வானவில் என்று சொன்னால் எங்க அம்மா வெளியே வந்து மழை வருதா என்று பார்ப்பார்கள்.

"தமிழில் இதற்குச் சொல்லே இல்லை" என்று அங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். புத்திர சோகம் இருக்கிறதே. ஆனால் அது ராமனுக்கும் அபிமன்யுவுக்கும், வளர்ந்து வில் பிடித்த பிள்ளைகளுக்கு. ஒன்றே முக்கால் கிலோவுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. எங்க வீட்டில் "பெரியவன்" என்கிறோம். அவ்வளவுதான் சொல். பாப்பா 2016-ல் பிறந்தாள் (அந்தத் தடவை ஆரம்பத்திலேயே டாக்டர் தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார், மறுபடி பிரஷர் அப்படி ஏறாமல் இருக்க). பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "தலைச்சன் பொண்ணு, மகாலட்சுமி" என்றார்கள். வீட்டுக்காரி தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தாமல், "தலைச்சன் பையன் ஆச்சி, இவ ரெண்டாவது" என்றாள். ஆச்சி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "ஆமாத்தா, எனக்கும் மூணாவது அப்படித்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். எண்பது வயசு. அந்த மூணாவதைப் பற்றி அவர்கள் மருமகளுக்கே தெரியாது.

தீப்பெட்டி — 15 அக்டோபர், இரவு 7.20

இப்படி இழந்த பிள்ளைகளை நினைக்கிற நாள் இன்றைக்குத்தான். அமெரிக்காவில் 1988-ல் ரீகன் அக்டோபரை இதற்கான மாதமாக அறிவித்தார், 15-ந் தேதி ராத்திரி ஏழு மணிக்கு அவரவர் ஊரில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வேறு எதற்கு வசதி இல்லாவிட்டாலும் நம்மிடம் தீக்குச்சிக்குப் பஞ்சம் இல்லை. மெழுகுவத்தி கிடைக்கவில்லை, அகல் விளக்குத்தான். பாப்பா "கார்த்திகையா?" என்று கேட்டாள். "பெரியவனுக்கு" என்றாள் அம்மா. "அப்ப எனக்கு ஒண்ணு?" என்று அவளும் ஒன்று ஏற்றிக்கொண்டாள்.

தீப்பெட்டி — 19 நவம்பர், அதிகாலை 2.30

ஆம்பளைகளுக்கு. வெளியே எழுந்து போகிற மச்சான்களுக்கு. நான் அந்த வருஷம் முழுக்க ஓவர்டைம் பார்த்தேன். நடுராத்திரி வரை கணக்கு. எல்லாரும் பொறுப்பானவன் என்றார்கள். வீட்டுக்குப் போகப் பயம், அவ்வளவுதான். அப்போது எண் கிண் எதுவும் தெரியாது. இப்போது 14416 இருக்கிறது, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். போன மாதம் நானே பண்ணிப் பார்த்தேன், சோதனைக்கு என்று. இருபது நிமிஷம் பேசிவிட்டேன்.

வைப்பாறு — 2 மார்ச் 2024, மாலை 6.40

ரொம்ப நாளா எழுதல. நீங்க எழுதின அன்னிக்கே சொல்லிட்டேன். மூக்கு அப்படியே மச்சான் மூக்குன்னேன். மச்சான் உள்ள வந்து, "இல்ல, எங்க அம்மா மூக்கு"ன்னாரு. ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துருச்சு. தங்கச்சி நடுவுல உக்காந்து கேட்டுட்டே இருந்தா. இப்ப வேலைக்குப் போறா. ஒரு சந்தேகம் உங்ககிட்ட. முதல் பதிவுல நீங்க பார்த்ததச் சொல்ற இடத்துல கன்னத்துக் குழி இல்ல. வீட்டம்மாட்ட சொன்னதுல இருக்கு. எது சரி?

தீப்பெட்டி — 2 மார்ச், இரவு 11.05

ஏழு மாசமாக யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

குழி இல்லை. மாடியில் அன்றைக்கு அவள் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்த்தது ரெண்டு நிமிஷம், சொல்லச் சொல்லத் தீர்ந்துபோய்விட்டது. அவளுக்குக் குழி உண்டு, வலது கன்னத்தில். அதை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டேன். பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு எழுதியது அதே கைதான்.

தீப்பெட்டி — 3 மார்ச், இரவு 10.50

சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "குழி இல்லைன்னா இல்லாமப் போட்டும். முடி நெசந்தான?"

நெசம் என்றேன். காது வரைக்கும்.